எடை போடுகிறவர் யார்?



சபைக் கமிட்டியில் வாக்குவாதம் முற்றும்போது நான்கு விதமான பேச்சு எழும். “வேதத்தில் அப்படித்தானே இருக்கிறது” என்பார் ஒருவர். “நம்ம பெரியவங்க காலத்திலிருந்து இதுதான் வழக்கம்” என்பார் இன்னொருவர். “கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், இது நியாயமா?” என்று மூன்றாமவர் கேட்பார். நான்காமவர் எழுந்து, “ஆண்டவர் எனக்கு உணர்த்தினார்” என்று சொன்னதும் கூட்டம் அநேகமாக முடிந்துவிடும். அதற்கு மேல் யார் என்ன பேச முடியும்?

வேதாகமம், பாரம்பரியம், பகுத்தறிவு, அனுபவம் என்று இறையியல் நூல்கள் இந்த நான்குக்கும் பெயர் வைத்திருக்கின்றன. ஒன்றோடொன்று மோதும்போது எதற்குக் கீழ்ப்படிவது என்பதே இன்று எனக்குத் தரப்பட்டுள்ள பொருள். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இவற்றுக்கு வரிசை எண் கொடுப்பதால் வழக்கு தீராது. யார் இதை எடுத்துப் பேசுகிறார், பேசுவதால் அவர் எதை இழக்கிறார் என்று பார்க்க வேண்டும். ஒருவர் காட்டும் அதிகாரம் எப்போதும் அவர் பக்கமே தீர்ப்புச் சொல்லுமானால், அவர் அதற்குக் கீழ்ப்படியவில்லை. அதை வேலைக்கு வைத்திருக்கிறார்.

வரலாற்றை வேகமாகப் பார்ப்போம். 1519இல் லைப்சிக் நகரில் யோகான் எக் என்ற இறையியலாரோடு நடந்த வாதத்தில், பொதுச்சங்கங்களும் தவறு செய்யக்கூடும் என்று லுத்தர் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. ஜான் ஹஸ்ஸை 1415இல் தீயிலிட்ட கான்ஸ்டன்ஸ் சங்கத்தை மனத்தில் வைத்துத்தான் எக் அந்த வலையை விரித்தார். இரண்டாண்டு கழித்து வோர்ம்ஸ் நகரில், பேரரசர் ஐந்தாம் சார்லஸ் முன்னால், வேதத்தாலோ தெளிவான நியாயத்தாலோ தன்னை மறுத்துக் காட்டினாலன்றித் தான் எழுதியதைத் திரும்பப் பெற முடியாது என்றார். “வேதம் மட்டுமே” என்ற முழக்கத்தின் தந்தையாகக் கருதப்படுபவர், அந்த நாளிலேயே நியாயத்தையும் மனச்சாட்சியையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். மறு ஆண்டு வெளிவந்த ஜெர்மன் புதிய ஏற்பாட்டில் எபிரெயர், யாக்கோபு, யூதா, வெளிப்படுத்தல் ஆகிய நான்கையும் கடைசியில் தள்ளி வைத்தார். கிறிஸ்துவை முன்னிறுத்துகிறதா என்ற அளவுகோலைக் கொண்டு வேதத்தையே எடை போட்டவர் அவர்.

ரோம் இதற்குப் பதில் சொன்னது 1546இல். டிரெண்ட் சங்கம் எழுதப்பட்ட நூல்களையும் எழுதப்படாத மரபுகளையும் சமமான பக்தியோடு ஏற்பதாகத் தீர்மானித்தது. எந்த நூல்கள் வேதம் என்பதைச் சொன்னதே திருச்சபைதானே என்பது அந்தத் தரப்பின் வலுவான கேள்வி. நம் கையிலுள்ள புதிய ஏற்பாட்டின் 27 நூல்களும் அதே பட்டியலாக முதன்முதலில் நமக்குக் கிடைப்பது அலெக்சாந்திரியாவின் ஆயர் அத்தனாசியுஸ் 367இல் எழுதிய பண்டிகைக் கடிதத்தில். 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் இன்னும் நுட்பமாகப் பேசியது: வேதமும் மரபும் ஒரே ஊற்றிலிருந்து வருகின்றன, போதிக்கும் அதிகாரம் இறைவார்த்தைக்கு மேலே நிற்பதில்லை, அதற்கு ஊழியம் செய்கிறது. நானூறு ஆண்டுச் சண்டைக்குப் பிறகு இரு தரப்பும் ஏறக்குறையக் கைகுலுக்கும் தூரத்துக்கு வந்துவிட்டன என்றே நினைக்கிறேன். சண்டை இப்போது அந்தக் கோட்டில் இல்லை.

வேதம், பாரம்பரியம், பகுத்தறிவு மூன்றையும் ஆங்கிலிக்கன் நண்பர்கள் மூன்று கால் முக்காலி என்று பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் அவர்கள் மேற்கோள் காட்டும் இறையியலார் ரிச்சர்ட் ஹூக்கர் அந்த உவமையைச் சொன்னதே இல்லை. அவர் வேதத்தை முதலிலும், நியாயத்தை அதற்கு அடுத்தும், சபையின் குரலை மூன்றாவதாகவும் வைத்தார். முக்காலியின் கால்கள் சம உயரம். ஹூக்கருடைய மூன்றும் சமமல்ல.

மெத்தடிஸ்டுகளின் கதை இன்னும் சுவையானது. 1746இல் வெளியிட்ட பிரசங்கத் தொகுப்பின் முன்னுரையில், ஒரே நூலின் மனிதனாக இருக்க விரும்புவதாக ஜான் வெஸ்லி எழுதினார். சில ஆண்டுகளில் அதே மனிதர் தம் பிரசங்கிகள் படிப்பதற்காக ஐம்பது தொகுதிகளில் ஒரு கிறிஸ்தவ நூலகத்தை அச்சிட்டார்! அவருடைய எழுத்துகளை ஆராய்ந்த அமெரிக்க இறையியலார் ஆல்பர்ட் அவுட்லர், வெஸ்லி வேதத்தை மரபு, பகுத்தறிவு, அனுபவம் ஆகியவற்றின் துணையோடு வாசித்தார் என்று விளக்கி, அந்த முறைக்கு “வெஸ்லியின் நாற்கரம்” என்று பெயரிட்டார். 1972இல் ஐக்கிய மெத்தடிஸ்டுத் திருச்சபையின் ஒழுங்குநூலில் அந்தக் கருத்து இடம்பெற்றது. நாற்கரம் என்றால் நான்கு பக்கமும் சமம் என்று ஜனங்கள் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பெயரை வைத்ததற்காக அவுட்லரே பின்னாளில் வருந்தினார். 1988இல் வேதமே முதன்மை என்று ஒழுங்குநூலைத் திருத்தி எழுதினார்கள். திருத்தியது சரிதான். ஆனால் திருத்திய பிறகு மெத்தடிஸ்டுகளின் சண்டை ஓய்ந்ததா? இல்லை. வேதம் முதன்மை என்று இரு தரப்பும் சொல்லிக்கொண்டேதான் சண்டை போட்டார்கள்.

இந்த நான்கும் உண்மையிலேயே உரசிக்கொண்ட ஒரு வழக்குக்கு வருகிறேன். அது அடிமை முறை.

அமெரிக்காவின் தென் மாநிலப் பிரசங்கிகள் வேதம் தெரியாதவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். தென் கரோலினாவின் ஜேம்ஸ் ஹென்லி தார்ன்வெல் அக்காலத்தின் கூர்மையான பிரஸ்பிட்டேரியன் இறையியலாரில் ஒருவர். அவருடைய வாதம் எளிது. லேவியராகமம் 25ஆம் அதிகாரம் அயலாரை அடிமைகளாக வாங்க அனுமதிக்கிறது. எபேசியர் 6ஆம் அதிகாரத்தில் பவுல் வேலைக்காரரை எஜமானருக்குக் கீழ்ப்படியச் சொல்கிறார். தப்பியோடிய ஒநேசிமுவை அதே பவுல் பிலேமோனிடம் திருப்பி அனுப்புகிறார். வேதம் பாவம் என்று சொல்லாத ஒன்றைப் பாவம் என்று சொல்லத் திருச்சபைக்கு உரிமை ஏது? எதிர்த்தரப்போ பெரும்பாலும் வேதத்தின் ஆவியைப் பற்றிப் பேசியது. கலாத்தியர் 3:28ஐக் காட்டியது. வசனத்துக்கு வசனம் என்று கணக்குப் பார்த்தால் தார்ன்வெல் தோற்றதாகச் சொல்வது கடினம்.

வரலாற்றாசிரியர் மார்க் நோல் ஒரு கேள்வியைக் கவனப்படுத்துகிறார். வேதத்தில் அடிமை முறை இருக்கிறது, சரி. கறுப்பினத்தார் மட்டுமே அடிமைகள் என்று எந்த வசனம் சொல்கிறது? பவுல் காலத்து ரோமப் பேரரசில் அடிமைகளில் எல்லா நிறத்தாரும் இருந்தார்கள். வசனப்படியே நடப்போம் என்றால் வெள்ளையரையும் சந்தையில் நிறுத்தியிருக்க வேண்டும். யாரும் அதற்குத் தயாரில்லை. ஆக, “வேதம் மட்டுமே” என்று மேடையில் முழங்கியவர்களின் வாதத்துக்குள் ஊர் வழக்கம் சத்தமில்லாமல் புகுந்து உட்கார்ந்திருந்தது. அது அங்கே இருப்பது அவர்களுக்கே தெரியவில்லை. வேறு எந்த அதிகாரத்தையும் நான் ஏற்பதில்லை என்று சொல்கிறவரிடம் எனக்கு இருக்கும் பயம் இதுதான்: ஏற்காத அதிகாரத்தை அவர் சோதிக்கவும் மாட்டார்.

பாரம்பரியத்தின் கதி மட்டும் மேலா? பாப்பரசர் பதினாறாம் கிரகோரி 1839இல் அடிமை வாணிபத்தைக் கண்டித்து மடல் எழுதினார். தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் ஆயர் ஜான் இங்லண்ட், இது கப்பலில் ஆட்களைக் கொண்டுவரும் வாணிபத்தை மட்டுமே கண்டிக்கிறது, வீட்டில் இருக்கும் அடிமைகளைத் தொடவில்லை என்று விளக்கம் எழுதிக் கொடுத்தார். பாப்பரசரின் சொல்லுக்கு அதிகாரம் உண்டு; ஆனால் அது நம் ஊர்த் தோட்டத்துக்குள் வராது.

வெஸ்லி 1774இல் அடிமை முறைக்கு எதிராக எழுதிய சிறு நூலை மாணவர்கள் வாசிக்க வேண்டும். ஒரே நூலின் மனிதர் இங்கே வசனங்களை அதிகம் அடுக்கவில்லை. இயற்கை நீதி, இரக்கம் என்ற தளத்தில் நின்று, குவேக்கர் ஆசிரியர் அந்தோணி பெனெசெட் திரட்டியிருந்த சாட்சியங்களை எடுத்து வைக்கிறார். அந்தக் குவேக்கர்களே தங்களுக்குள் தெளிவடைய எவ்வளவு காலம் பிடித்தது! பென்சில்வேனியாவின் ஜெர்மன்டவுனில் நான்கு பேர் முதல் எதிர்ப்பு மனுவை எழுதியது 1688இல். அடிமை வைத்திருப்பவர் உறுப்பினராக இருக்க முடியாது என்று பிலடெல்பியா ஆண்டுக்கூட்டம் தீர்மானித்தது 1776இல். ஒவ்வொருவர் உள்ளத்திலும் இறைவன் பேசுகிறார் என்ற உள்ளொளியை நம்பிய சபைக்கும் எண்பத்தெட்டு ஆண்டு தேவைப்பட்டது. அடிமை வைத்திருந்தவர்களுக்கும் உள்ளொளி இருந்ததே!

1844இல் மெத்தடிஸ்டுப் பொது மாநாடு, ஜார்ஜியாவைச் சேர்ந்த பேராயர் ஜேம்ஸ் ஆண்ட்ரூ அடிமைகளை வைத்திருந்ததைக் காரணமாக வைத்துப் பிளவுபட்டது. மறு ஆண்டு பாப்டிஸ்டுகள் பிரிந்தார்கள். தெற்கு பாப்டிஸ்டு மாநாடு இதற்காக மன்னிப்புக் கேட்டது 1995இல், நூற்றைம்பது ஆண்டு கழித்து.

இந்த வழக்கில் இரண்டு சாட்சிகளை உங்கள் முன் நிறுத்துகிறேன். ஒன்று, 1807இல் லண்டனில் மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்கென்று அச்சிட்ட வேதப் பகுதிகளின் தொகுப்பு. இன்று “அடிமைகளின் வேதாகமம்” என்கிறார்கள். ஒரு பிரதி நாஷ்வில் நகரின் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. யோசேப்பு விற்கப்பட்ட கதை அதில் உண்டு. இஸ்ரவேலர் எகிப்தைவிட்டு விடுதலையான கதை இல்லை. எபேசியர் 6 உண்டு. கலாத்தியர் 3:28 இல்லை. வேதத்தின் அதிகாரத்துக்கு இதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரிந்து கிடையாது. வேதம் முழுக்கத் தங்கள் பக்கம் என்று எஜமானர் தரப்பு உண்மையிலேயே நம்பியிருந்தால் கத்தரிக்கோலை ஏன் எடுக்க வேண்டும்?

இரண்டாவது சாட்சி, அமெரிக்கக் கறுப்பின இறையியலார் ஹோவர்ட் தர்மனின் பாட்டி நான்சி ஆம்ப்ரோஸ். அடிமையாகப் பிறந்தவர், எழுதப் படிக்கத் தெரியாதவர். சிறுவன் தர்மன் அவருக்கு வேதம் வாசித்துக் காட்டுவார். பாட்டி சங்கீதம் கேட்பார், ஏசாயா கேட்பார், சுவிசேஷங்கள் கேட்பார். பவுலின் நிருபங்களை மட்டும் வாசிக்க விடமாட்டார். கொரிந்தியருக்கு எழுதிய அன்பின் அதிகாரத்துக்கு எப்போதாவது விலக்கு உண்டு. ஏன் என்று பேரன் வளர்ந்தபின் ஒரு நாள் கேட்டார். எஜமானனின் பிரசங்கியார் திரும்பத் திரும்ப, அடிமைகளே கீழ்ப்படியுங்கள் என்ற பவுலின் சொல்லையே பிரசங்கித்தாராம். விடுதலை கிடைத்தால் அந்தப் பகுதியை வாசிப்பதில்லை என்று அன்றே நேர்ந்துகொண்டாராம் பாட்டி. 1949இல் வெளியான தம் நூலில் தர்மன் இதை எழுதியிருக்கிறார்.

பாட்டியும் வேதத்தை வெட்டினார்தானே என்று கேட்கலாம். வெட்டினார். ஆனால் லண்டன்காரர்கள் பிறர் விடுதலையை வெட்டினார்கள். பாட்டி தன் முதுகில் இறங்கியதை வெட்டினார். பவுலை அவர் இழந்தது நஷ்டம்தான், ஒநேசிமுவைச் சகோதரனாக ஏற்றுக்கொள்ளச் சொன்னவரும் அதே பவுல் என்பதால். அந்த நஷ்டத்துக்குப் பிரசங்கியார்தான் கணக்குச் சொல்ல வேண்டும்.

இனி நம் ஊருக்கு வருகிறேன். அமெரிக்காவைப் பற்றிப் பேசும்போது நமக்கு வீரம் எளிதாக வருகிறது.

பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதி. தஞ்சை அரசரின் படையில் சேர்வைக்காரராக இருந்த இராசநாயக்கன், பறையர் குலத்துக் கத்தோலிக்கர். தரங்கம்பாடியில் ஜெர்மன் லுத்தரன் மிஷனரி சீகன்பால்குவின் மொழிபெயர்ப்பில் அச்சான சுவிசேஷங்கள் அவர் கைக்குக் கிடைத்தன. வாசித்தார், லுத்தரன் சபைக்கு வந்தார், உபதேசியாரானார். அச்சிட்ட வேதம் ஒரு மனிதனை நேரடியாகப் போய்ச் சேரும், எந்தக் குருவும் இடையில் வேண்டியதில்லை என்பதற்கு இவரைவிட நல்ல உதாரணத்தை அந்த மிஷனை ஆதரித்த ஜெர்மனியின் ஹாலே நகரத்துப் பக்தர்களால் கேட்டிருக்க முடியாது. 1733இல் வேளாளரான ஆரோனுக்குக் குருப்பட்டம் கொடுத்தார்கள். தமிழ் லுத்தரன் சபையின் முதல் சுதேச ஐயர் அவர். அடுத்தவரைத் தேர்ந்தெடுக்கும்போது இராசநாயக்கனின் பெயர் பேசப்பட்டது. இவர் கையிலிருந்து மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் நற்கருணை வாங்கமாட்டார்கள் என்ற அச்சம் எழுந்தது. 1741இல் பட்டம் தியோகுவுக்குப் போனது.

வேதம் மட்டுமே, விசுவாசிகள் எல்லோரும் ஆசாரியர்கள் என்று சொன்ன சபை அது. அந்தச் சபைக்குள் அவரை அழைத்து வந்தது வேதம். பலிபீடத்துக்கு முன்னால் அவரைத் தடுத்து நிறுத்தியது வழக்கம். மிஷனரிமார் நற்கருணையைக் காப்பாற்றுகிறோம், சபையைச் சிதறாமல் வைக்கிறோம் என்று நினைத்திருப்பார்கள். அவர்களுடைய விவேகத்துக்கான விலையை முழுக்க இராசநாயக்கன் கொடுத்தார்.

அடுத்த நூற்றாண்டில் இந்தப் புண் வெடித்தது. 1833இல் கல்கத்தா அத்தியட்சர் டேனியல் வில்சன், சபைகளில் சாதி வேறுபாடு உடனடியாக, முற்றாக ஒழிய வேண்டும் என்று ஆணை அனுப்பினார். தனித்தனி இருக்கை கூடாது; நற்கருணைக்குச் சாதி வரிசையில் வருவதும் கூடாது. வேப்பேரியிலும் தஞ்சையிலும் மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் பெருந்திரளாக விலகினார்கள். ஏற்க மறுத்த உபதேசியார்களும் பள்ளி ஆசிரியர்களும் வேலை இழந்தார்கள். அவர்களில் பலர் பின்னாளில், சாதி விஷயத்தில் மென்மையாக நடந்துகொண்ட லைப்சிக் மிஷனில் சேர்ந்தார்கள்.

அதற்குச் சில ஆண்டுகள் முன்பே தஞ்சைக் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியார் புதிய மிஷனரிமார் மீது நான்கு குற்றச்சாட்டுகளை எழுதியிருந்தார். வேத மொழிபெயர்ப்பை மாற்றுகிறார்கள். சாதிகளை வலிந்து ஒன்றாக்குகிறார்கள். விசேஷங்களில் பூவைத் தடுக்கிறார்கள். ஆராதனையில் தமிழ்க் கீர்த்தனைகளை விலக்குகிறார்கள். இந்தப் பட்டியலை நாம் நிதானமாகப் பார்க்க வேண்டும். பூவிலும் கீர்த்தனையிலும் சாஸ்திரியார் சரி. இன்று எந்தச் சபையில் பூவில்லாமல் கல்யாணம் நடக்கிறது? அவருடைய கீர்த்தனைகள் இல்லாமல் தென்னிந்தியத் திருச்சபையின் ஆராதனையை நினைத்துப் பார்க்க முடியுமா? சாதி இருக்கையில் அவர் தவறு. நான்கையும் அவர் ஒரே மூட்டையாகக் கட்டிப் பாரம்பரியம் என்று பெயர் எழுதினார். மிஷனரிமாரும் அதே மூட்டையை அவிழ்க்காமலே அஞ்ஞானம் என்று பெயர் எழுதினார்கள். அவிழ்த்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்: பூ யாரையும் கீழே உட்கார வைக்கவில்லை.

இந்த இடத்தில் என் அளவுகோலை நானே சோதிக்க வேண்டும். இழப்பைப் பார் என்றேன். விலகிப்போன தஞ்சைக் கிறிஸ்தவர்களும் இழந்தார்களே. சம்பளம், பள்ளி, கல்லறைத் தோட்டம் எல்லாவற்றையும் விட்டுப் போனவர்கள் உண்டே? ஆம். ஆகவே இழப்பு மட்டும் போதாது. எதைக் காப்பதற்காக இழந்தார்கள் என்றும் கேட்க வேண்டும். பக்கத்தில் உட்காரும் மனிதனைவிட ஒரு படி மேலே இருக்கும் உரிமையைக் காக்க அவர்கள் விலை கொடுத்தார்கள். வில்சனையும் இதே கேள்வி விடாது. அவர் ஆணை வேதத்துக்கு ஒத்தது. அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த ஆணையால் அவருக்கு எந்த நஷ்டமும் இல்லை. அதே ஆண்டுகளில் இங்கிலாந்தின் கோயில்களில் முன்வரிசை இருக்கைகள் வாடகைக்கு விடப்பட்டன. ஏழைகள் பின்னால் உட்கார்ந்தார்கள். அங்கே முற்றாக, உடனடியாக என்று யாரும் ஆணை அனுப்பவில்லை. சரியான தீர்ப்பைக் கைசுத்தமில்லாத நீதிபதி சொன்னால் ஊர் அதை ஏற்காது. நம் சபைகளில் சாதி 1833இல் சாகாததற்கு இதுவும் ஒரு காரணம்.

கத்தோலிக்க நண்பர்கள் வசதியாகச் சாய்ந்து உட்கார வேண்டாம். வடக்கன்குளம் கோயிலில் சாதிகளைப் பிரித்த சுவர் 1910 வரை நின்றது. அதை இடித்த பிறகு, திரும்பக் கட்டித் தரவேண்டும் என்று மேல்சாதியினர் நீதிமன்றம் வரை போனார்கள்.

இப்படி அளப்பது வெறும் சமூகவியல், இறையியல் அல்ல என்று சிலர் சொல்லக்கூடும். இந்த அளவுகோல் வேதத்திலேயே இருக்கிறது. முதலாம் இராஜாக்கள் 22ஆம் அதிகாரத்தில் ஆகாப் அரசனுக்கு நானூறு தீர்க்கதரிசிகள் ஒரே குரலில் வெற்றி சொல்கிறார்கள். மிகாயா ஒருவன் மட்டும் மாறிச் சொல்கிறான்; அவனைத்தான் ஆகாபுக்குப் பிடிக்காது. எரேமியா 28ஆம் அதிகாரத்தில் சமாதானம் வரும் என்று அனனியா சொல்கிறான். இனிப்பாகச் சொல்கிற தீர்க்கதரிசி, சொன்னது நடந்த பிறகே நம்பத்தக்கவன் என்கிறார் எரேமியா. கேட்பவனுக்குச் சாதகமான வார்த்தையைக் கூடுதல் சந்தேகத்தோடு கேள் என்பதே அங்கே உள்ள சட்டம். ஆகவே வேதம் முதன்மை என்பதில் எனக்கு மறுப்பில்லை. தன் பெயரைச் சொல்லி வருகிறவனைச் சோதிக்கும்படி அதுவே சொல்லித் தந்திருக்கிறது.

இறையியல் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். அதிகாரம் பற்றிய நம் பாடங்கள் லுத்தர், ஹூக்கர், வெஸ்லி, வத்திக்கான் என்று நகர்ந்து முடிந்துவிடுகின்றன. பட்டம் கொடுக்கப்படாதவர்களின் சாட்சி அதில் இல்லை. இராசநாயக்கனைப் போன்ற தமிழ் உபதேசியார்களின் அறிக்கைகளும் கடிதங்களும் ஜெர்மன் மொழியாக்கத்தில் ஹாலே மிஷன் வெளியீடுகளில் கிடக்கின்றன. ஜெர்மன் கற்ற மாணவர்கள் நம் கல்லூரிகளில் இருக்கிறார்கள். அவற்றைத் தமிழுக்குக் கொண்டுவாருங்கள். அடுத்து இந்த மேடையில் இதே பொருளைப் பேச வருகிறவர் அவற்றிலிருந்து தொடங்கட்டும்.